யாருடைய கூரையில் வெயில்?

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் பதினோராவது மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடவில்லை. வீட்டுக்கார அக்கா தேநீரைக் கொடுத்த கையோடு கரண்டு பில்லையும் நீட்டினார். "இங்க பாருங்க தம்பி, இந்த மூணு வெள்ளி எதுக்கு? யாரக் கேட்டாலும் கவர்மெண்டு காசுங்கறாங்க. என்ன காசுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவர் விரல் வைத்த இடத்தில் 'கும்புலான் வாங் தெனாகா போலே பாஹாரு' என்று இருந்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் கரண்டு எரிக்கும் வீடுகளின் பில்லில் 1.6 விழுக்காடு இந்த நிதிக்குப் போகிறது. 2011 டிசம்பரில் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014இல் 1.6 ஆனது. 300 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு இது இல்லை. அக்கா வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு ஏர்கான், ஒரு வாஷிங் மெஷின். கூட்டுக் குடும்பம் 300 யூனிட்டுக்குள் நிற்பது கடினம்.

அந்த மூன்று வெள்ளி எங்கே போகிறது? 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெயில், சாணவாயு, செம்பனைக் கழிவு, சிற்றாற்று நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுத்து விற்பவர்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க இந்த நிதி பயன்படுகிறது. தொடக்க காலத்தில் வீட்டுக் கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கும் மேல் கிடைத்தது. ஒப்பந்தக் காலம் 21 ஆண்டுகள். 2012இல் சொந்தக் கூரையும் கையில் முதலும் வைத்திருந்த ஒருவருக்கு 2033 வரை அந்த வருமானம் உண்டு. அதைக் கொடுப்பவர்களில் செந்தூல் அக்காவும் ஒருவர்.

மூன்று வெள்ளி பெரிய தொகை இல்லை. அக்காவே அதைச் சொல்லிவிட்டார். அந்தப் பணம் இல்லாமல் இந்த நாட்டில் சோலார் தொழில் கால் ஊன்றியே இருக்காது என்பதும் உண்மை. ஆனால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். கூரை இல்லாத வீட்டிலிருந்து கூரை இருக்கும் வீட்டுக்குப் போகிறது. பசுமை எரிசக்திக்கு மாறுவதன் சமூக, பொருளாதார விளைவு என்று எத்தனையோ பக்கங்கள் எழுதப்படுகின்றன. கோலாலம்பூர்த் தமிழர்களைப் பொறுத்தவரை அதன் மையம் இந்தக் கூரைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே வெயில், இரண்டு விலை

கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். 2025 ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். முதல் 200 யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட் 33.4 சென், அதற்கு மேல் 600 வரை 51.6 சென், 900 வரை 54.6 சென். குறைவாக எரிப்பவருக்குக் குறைந்த விலை. ஏழைகளை நினைத்து வைத்த நல்ல ஏற்பாடு அது.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சுபாங் பக்கம், தாமான் என்று சொல்லும் குடியிருப்புப் பகுதியில் இரண்டு மாடித் தனி வீடு. மாதம் 900 யூனிட், பில் 395 வெள்ளி 60 சென். கூரையில் 5 கிலோவாட் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு சோலார் தகடுகள் வைத்தால், கோலாலம்பூர் வெயிலில் மாதம் ஏறக்குறைய 500 யூனிட் கிடைக்கும். பில் 128 வெள்ளி 60 சென்னாக இறங்கும். மிச்சம் 267 வெள்ளி. தகடுகளுக்குப் போட்ட இருபதாயிரம் சொச்சம் வெள்ளி ஏழெட்டு வருடத்தில் திரும்பிவிடும். தகடு இருபத்தைந்து வருடம் உழைக்கும்.

இன்னொன்று மாதம் 300 யூனிட் எரிக்கும் அடுக்குமாடி வீடு. பில் 77 வெள்ளி. எப்படியோ இந்த வீட்டுக்கும் 200 யூனிட் வெயில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பில் 21 வெள்ளி 80 சென்னாகும். மிச்சம் 55 வெள்ளி 20 சென். வகுத்துப் பார்த்தால் தாமான் வீட்டில் ஒரு யூனிட் வெயிலின் மதிப்பு 53 சென், அடுக்குமாடி வீட்டில் ஏறக்குறைய 28 சென். ஏழைக்காக வைத்த மலிவுக் கட்டணம், அவருக்குச் சோலாரால் வரக்கூடிய லாபத்தையும் சேர்த்தே குறைத்துவிட்டது. யாரும் வஞ்சகமாகச் செய்ததில்லை. இரண்டு நல்ல ஏற்பாடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட இடம் இது.

இதற்கு அடுத்த படியும் உண்டு. மின்சாரத்தின் விலையில் எரிபொருள் ஒரு பகுதிதான். கம்பங்கள், கம்பிகள், துணை மின்நிலையங்கள், இரவு பகலாகக் காத்திருக்கும் ஆட்கள் ஆகியவற்றின் செலவு, நீங்கள் ஒரு யூனிட் எரித்தாலும் ஆயிரம் யூனிட் எரித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய பில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பகலில் தங்கள் கூரை மின்சாரத்தையும் இரவில் பொதுக் கம்பியையும் பயன்படுத்தத் தொடங்கினால், அந்த நிலையான செலவைச் சுமக்கும் தோள்கள் குறையும். மீதி இருப்பவர்கள் தோளில் அது ஏறும். உலகம் முழுக்க மின்வாரியங்கள் இந்தச் சிக்கலில்தான் தவிக்கின்றன. 2025 ஜூலை முதல் நம் பில்லின் வடிவம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். எரிசக்திக்கு ஒரு கட்டணம், மின்நிலையத் திறனுக்கு ஒரு கட்டணம், கம்பிக்கு ஒரு கட்டணம் என்று இப்போது பிரித்துப் போடுகிறார்கள். 1,000 யூனிட் வரை எரிக்கும் வீடுகளுக்குப் படிப்படியான கழிவு தருகிறார்கள். இகாசே பட்டியலில் உள்ள வறிய குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டண உதவி முன்பிருந்தே இருக்கிறது. அந்த உதவி கிடைக்க வேண்டிய நம் ஆட்கள் பலர் பதிந்துகொள்ளாமலே இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

வெயிலுக்கான திட்டமும் மாறிவிட்டது. கூரையிலிருந்து கம்பிக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு யூனிட் ஈடு என்ற பழைய ஏற்பாடு 2025 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் தொடங்கிய ஊக்கத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 4,000 வெள்ளி வரை கழிவும் கொடுத்தார்கள். 2026 ஜனவரி முதல் வந்திருக்கும் புதிய திட்டத்தின் பெயர் சோலார் அத்தாப். நம் பேச்சில் அத்தாப்பு வீடு என்று சொல்வோமே, அதே சொல். கூரை திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

கூரை எப்படிப் போனது

இந்த நகரத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செந்தூல், கம்போங் கெரிஞ்சி, ஜிஞ்சாங், செராஸ் பக்கத்து மலிவு விலை வீடுகளிலும் பிபிஆர் என்ற அரசாங்க மக்கள் வீடமைப்பின் 124 வெள்ளி வாடகை புளோக்குகளிலும் நம் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த கதைக்கும் இன்றைய சோலார் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

மலாயாவின் முதல் மின் ஜெனரேட்டரை 1894இல் ரவாங்கில் நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீன முதலாளி லோக் இயூ, மற்றவர் தம்புசாமி பிள்ளை. தங்கள் ஈயச் சுரங்கத்து வேலைக்காக அதைக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே தம்புசாமி பிள்ளைதான். கோயில் விழாவில் அவர் பெயரைச் சொல்கிறோம். இந்த நாட்டில் மின்சாரம் பிறந்தபோது முதலாளி இடத்தில் ஒரு தமிழர் இருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம்.

அவர் முதலாளி. கூலிகளாக வந்தவர்களின் கதை வேறு. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மாலையில் ஜெனரேட்டர் வெளிச்சம் வரும், இரவு ஒரு நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். துரை பங்களாவுக்கு வெளிச்சம் எப்போதும் இருந்தது. பிறகு 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். வேலையும் போனது, லயத்து வீடும் போனது. பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. அதற்கும் பின்னால் தோட்டங்கள் தாமான்களாயின, நெடுஞ்சாலைகளாயின. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அந்த வட்டாரத்துத் தோட்ட மக்கள் டெங்கில் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோலாலம்பூருக்கு வந்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் தகரக் கூரை போட்டார்கள். புறம்போக்கை உடைத்தபோது அடுக்குமாடி கொடுத்தார்கள்.

லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தகரக் கூரை சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லை. அடுக்குமாடியின் கூரை எல்லோருக்கும் பொது, அதனால் ஒருவருக்கும் இல்லை. ஐந்து தலைமுறையில் தலைக்கு மேல் தனக்கென்று ஒரு கூரை இல்லாமல் போன மக்களிடம், கூரையில் தகடு வைத்து மிச்சம் பிடியுங்கள் என்கிறது இன்றைய திட்டம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் இதே வரிசைதான். ரப்பரிலிருந்து செம்பனைக்கு, செம்பனையிலிருந்து கட்டடத்துக்கு. மாற்றம் நாட்டுக்கு நல்லதாகத்தான் இருந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார், பலனை எடுத்தவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த மாற்றத்தில் கண் திறந்திருக்கும். இப்போது சில தோட்ட நிறுவனங்கள் செம்பனை நிலத்தில் சோலார்ப் பண்ணை வைக்கத் திட்டம் போடுகின்றன. ஒரு மெகாவாட்டுக்கு மூன்று, நான்கு ஏக்கர் பிடிக்கும். கட்டி முடிக்கும்வரை ஆட்கள் வேண்டும். முடிந்தபின் புல் வெட்டவும் தகடு கழுவவும் காவலுக்கும் சிலர் போதும்.

காப்பாரின் புகைபோக்கிகள்

இவ்வளவு சொல்வதால் இந்த மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாறத்தான் வேண்டும், வேகமாக மாற வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருகிறது. தீபகற்பத்தில் இப்போது நிலக்கரி வெட்டுவதில்லை. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரைன் போருக்குப்பின் உலகச் சந்தையில் ஒரு டன் 400 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, வீட்டு பில் ஏறாமல் இருக்க அரசாங்கம் பல நூறு கோடி வெள்ளியைப் போட்டு அடைத்தது. அது வேறொரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போயிருக்கக்கூடிய பணம். வெயிலுக்கு அந்த விலை ஏற்ற இறக்கம் இல்லை.

நிலக்கரிக்கு ஒரு முகம் வேண்டுமானால் கிள்ளானுக்கு வடக்கே காப்பாருக்குப் போக வேண்டும். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையம், கட்டி முடித்தபோது 2,420 மெகாவாட். அதன் உயரமான புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தெரியும். காப்பார், மேரு, கிள்ளான் எல்லாம் பழைய தோட்ட வட்டாரம், தமிழர்கள் நிறைந்த வட்டாரம். மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் நிலையங்களும் இதே வரிசையில் கடலோரம் நிற்கின்றன. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்திருக்கிறது. இருப்பவற்றை 2035க்குள் பாதியாக்கி 2044க்குள் முழுவதும் மூடுவது திட்டம்.

ஒரு மின்நிலையம் மூடப்படும்போது நிரந்தர ஊழியருக்கு ஏதாவது ஏற்பாடு நடக்கும். இடமாற்றம் வரும், இழப்பீடு வரும், பேச யூனியன் இருக்கும். சாம்பல் அள்ளும் குத்தகை லோரி ஓட்டுநர், துப்புரவுக் குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பெண், வாசலில் காலையில் ரொட்டி சானாய் போடும் ஒட்டுக்கடைக்காரர், கொதிகலன் பழுதுபார்ப்புக் காலத்தில் மட்டும் கூப்பிடப்படும் வெல்டர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன? தோட்டத் துண்டாடலில் நம்மைக் கொன்றது இதுதான். கணக்கேட்டில் பெயர் இல்லாதவனுக்கு இழப்பீடும் இல்லை. காப்பாரில் இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்கள் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் குத்தகைத் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியலை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டால், மூடும் நாளில் பேசக் கையில் ஏதாவது இருக்கும்.

வேலை போவதைப்போல் வேலை வருவதும் உண்மை. 2023 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில் 2050க்குள் 3,10,000 வேலைகள் உருவாகும் என்று இருக்கிறது. அந்த ஆண்டில் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. முதலீடு 1.2 டிரில்லியன் வெள்ளிக்கு மேல். பெரிய எண்கள் இவை. நமக்கு வேண்டிய எண் சின்னது. தகடு பொருத்தும் ஒவ்வொரு குழுவுக்கும் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேண்டும். பெரிய அமைப்புகளுக்குச் சார்ஜ்மேன் வேண்டும். ஒரு காலத்தில் எல்எல்என் (இன்றைய தெனாகா மின் நிறுவனத்தின் முன்னோடி) என்றால் நம் வீட்டுப் பையன்கள்தான். கம்பம் ஏறியவர்கள், கேபிள் இழுத்தவர்கள், மீட்டர் படித்தவர்களில் எத்தனை தமிழர்கள் இருந்தார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சான்றிதழ்தான் இல்லை. சான்றிதழ் இல்லாத கை, உயரத்தில் ஏறி வேலை முழுவதையும் செய்துவிட்டு, நாள்கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போகும். கையெழுத்துப் போடுபவர் வேறொருவராக இருப்பார்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு டெலிவரி பைக்கில் சுற்றும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான். பல்கலைக்கழகம் ஒன்றே வழி இல்லை. ஒற்றைப் பேஸ், மூன்று பேஸ் வயர்மேன் சான்றிதழ், அதன்மேல் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடா நடத்தும் சோலார் பயிற்சி. இந்த இரண்டும் கையில் இருந்தால் அடுத்த இருபது வருடத்துக்கு வேலை தேட வேண்டியதில்லை.

கார் பழுதுபார்க்கும் வொர்க்‌ஷாப்களுக்கு இதே அளவு நேரம் இல்லை. மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது, சைலன்ஸர் கிடையாது. புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரில் இறக்கிவிட்டது. ஜாலான் ஈப்போ பக்கத்துச் சின்ன வொர்க்‌ஷாப்காரர்களுக்குப் பழைய வண்டிகள் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் சோறு போடும். அதற்குள் டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேலையோடு உயர் மின்னழுத்தப் பயிற்சியும் எடுத்துக்கொண்டவர்கள் தப்பிப்பார்கள். மின்சாரக் கார் வாங்குபவருக்கும் கூரைப் பிரச்சினை இருக்கிறது. சொந்த முற்றம் உள்ளவர் இரவில் வீட்டு விலையில் சார்ஜ் செய்துகொள்வார். அடுக்குமாடிக்காரர் வெளியே வேக சார்ஜரில் ஒரு யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கொடுப்பார்.

எண்ணெய் மானியக் குறைப்பையும் இந்த மாற்றத்தின் பகுதியாகத்தான் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35 ஆனது. ஒற்றை லோரி வைத்துப் பிழைக்கும் நம் ஆட்கள் அன்று பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. உதவித் தொகையும் எண்ணெய் அட்டையும் இருந்தன. ஆனால் லோரி தன் பெயரில் இல்லாமல் இன்னொருவர் பெர்மிட்டில் ஓட்டுபவருக்கு அவை எட்டவில்லை. சமையல் வாயுவிலும் இதே நிலைதான். 14 கிலோ வீட்டுச் சிலிண்டர் 26 வெள்ளி 60 சென், கடைச் சிலிண்டருக்கு விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 2025இல் சோதனைகள் கடுமையானபோது தோசைக்கடைகள் பயந்துபோயின. மானியத்தைக் குறைப்பது சரி. முதலில் யாரிடமிருந்து குறைப்பது என்பதில்தான் நியாயம் தவறுகிறது.

பத்து வெள்ளி

துண்டாடல் நடந்தபோது நம்மில் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். மஇகாவின் அன்றைய தலைவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்க்கச் சொன்னார். மரம் சீவியவர்களுக்கு அன்று பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. ஆனாலும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். தனியாளாக ஓர் ஏக்கர் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள்.

நிலத்துக்கு அன்று செய்ததை வெயிலுக்கு இன்று செய்ய முடியும். கூரை உங்கள் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று மின்சாரத்துக்கு ஒரு நிபந்தனையும் இல்லை. எங்கோ ஓரிடத்தில் தகடு இருக்கும், அதில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கும், அந்தப் பங்கின் யூனிட்டுகள் உங்கள் பில்லில் கழியும். டெல்லியில் 2019இலேயே இதற்கு விதி கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் பெரிய நிறுவனங்களுக்கு இது புதிதில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, எங்கோ இருக்கும் சோலார்ப் பண்ணையிலிருந்து தெனாகாவின் கம்பி வழியாக அவை பசுமை மின்சாரம் வாங்கலாம், கம்பிக்குக் கட்டணம் கட்டினால் போதும். தரவு மையங்களுக்குக் கூரை இல்லாமலே வெயில் கிடைக்கிறது. செந்தூல் அக்காவும் பசுமை மின்சாரம் வாங்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் அதற்கு வழக்கமான கட்டணத்தோடு கூடுதல் பணம் கட்ட வேண்டும். வெயிலுக்காக அவர் அதிகம் கொடுக்கலாம், வெயிலால் அவருக்குக் குறையாது.

துணைப் பிரதமர் ஃபாடில்லா யூசோஃப் 2025இல் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். வீட்டுக் கூரைகளை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து, தகடு வைத்து, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு மின்சாரம் விற்கலாம். முதல் போட முடியாத தாமான் குடும்பங்களுக்கு இது நல்ல வழி. இதிலும் வாடகை வாங்குபவர் கூரைக்காரர்தான். ஆனால் ஒரு கூரையின் மின்சாரத்தை இன்னொரு வீட்டுக்குக் கம்பி வழியே கொடுக்கலாம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. வாங்குபவர் வரிசையில் பிபிஆர் குடும்பமும், விற்பவர் வரிசையில் கூட்டுறவுச் சங்கமும் நிற்க வேண்டும் என்று கேட்க இதுவே நேரம்.

செலவையும் பார்த்துவிடுவோம். பெரிய கூரையில் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதம் 50 வெள்ளி வீதம் ஐந்து வருடம் கட்டும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கிலோவாட் சொந்தமாகும். மாதம் 100 யூனிட் வரும். கம்பிக்கான கட்டணம் போகக் கையில் நிற்பது இருபது, முப்பது வெள்ளியாக இருக்கலாம். பணக்காரராக்கும் தொகை இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் வரும், நிலக்கரி விலை ஏறினாலும் குறையாது. 1960இல் பத்து வெள்ளி கொடுத்தவர்களும் ஒரே மாதத்தில் பணக்காரர் ஆகலாம் என்று எண்ணிக் கொடுக்கவில்லை.

தகடு வைக்க இடம் இருக்கிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. பள்ளிக்குப் பகலில்தான் மின்சாரம் வேண்டும், வெயிலும் பகலில்தான் வரும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மிஞ்சுவது கம்பிக்குப் போகும். கோயில் மண்டபக் கூரைகளும் பெரியவை. கோயிலில் விளக்கு எரிவது பெரும்பாலும் வெயில் இறங்கிய பிறகு, அதனால் கோயில் தனக்கென்று வைப்பதைவிட அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குக் கூரையைக் கொடுத்தால் கணக்கு நன்றாக வரும். கூட்டுறவுச் சங்கத்தின் தோட்ட நிலமும் இருக்கிறது.

இதில் எனக்குக் கவலை தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கூட்டுறவு என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பங்குப் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் காயம் உண்மையானது, பேச்சால் ஆறாது. மீட்டர் ஒரு விதத்தில் உதவும். தகட்டில் எத்தனை யூனிட் வந்தது என்பதை ஒவ்வொரு பங்குதாரரும் கைப்பேசியில் அன்றன்றே பார்க்கலாம். லாபப் பங்கை ஒத்திப்போடலாம், வந்த யூனிட்டை மறைக்க முடியாது.

அக்காவிடம் இத்தனையும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். அவர் மேலே கை காட்டி, "அப்ப நம்ம மொட்ட மாடியில வைக்க முடியாதா?" என்று கேட்டார். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். அவருடைய புளோக்கில் ஏறக்குறைய 300 வீடுகள். மேலே தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் போக, 100 கிலோவாட் வைக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 10,000 யூனிட். ஒரு வீட்டுக்கு 33 யூனிட். ஒரு மின்விசிறிக்கும் சில விளக்குகளுக்கும் போதும், அவ்வளவுதான்.

"வீட்டுக்கு வேணாம் தம்பி, லிஃப்டுக்கு?"

லிஃப்ட், தண்ணீர் பம்பு, நடைபாதை விளக்கு மூன்றும் பொது மீட்டரில் ஓடுகின்றன. அந்த பில்லை எல்லோருடைய பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் கட்டுகிறார்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி விழும்போது முதலில் நிற்பது லிஃப்ட் பழுதுபார்ப்பு. பம்பைப் பகலில் ஓடவிட்டால் வெயிலோடு சரியாகப் பொருந்தும், லிஃப்டும் பகல் முழுக்க ஏறி இறங்குகிறது. பொது மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று சொல்லக் கடந்த பன்னிரண்டு மாத பில்கள் வேண்டும். அவை கூட்டு நிர்வாக அமைப்பின் அலுவலகத்தில் இருக்கும், வீட்டு உரிமையாளர் கேட்டால் காட்ட வேண்டும். அக்கா பில்லின் பின்பக்கத்தில் 'பொது மீட்டர், பன்னிரண்டு மாதம்' என்று எழுதிக்கொண்டார். அந்த அமைப்பின் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.